பல்கலைக்கழக வானாய்வகம் ஒன்றைப் பின்தொடர்வது எப்படி? வார்சாவின் ஓகிள் திட்டத்தை வைத்து ஒரு வழிகாட்டி

வானியல் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் அலுப்பு வந்துவிடும். வாரத்துக்கு ஒரு கருந்துளை, மாதத்துக்கு ஒரு 'இரண்டாவது பூமி', எல்லாவற்றிலும் விஞ்ஞானிகள் வியந்துபோயிருப்பார்கள். எந்தத் தொலைநோக்கி, எத்தனை வருடத் தரவு, எவ்வளவு நிச்சயம் என்று தேடினால் பதில் இருக்காது. புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லும் யோசனை இது: கண்ணில் படுவதையெல்லாம் படிப்பதை நிறுத்திவிட்டு, ஒரு பல்கலைக்கழக வானாய்வகத்தை, அதிலும் ஒரே ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தரவுக் கோப்பை உங்கள் கணினியில் திறந்து ஒரு படமாவது நீங்களே வரையுங்கள். அதற்கப்புறம் செய்தி படிக்கும் விதமே மாறிவிடும்.

தேவையானவை: இணையம், ஒரு விரிதாள் மென்பொருள் (எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்), பத்தாம் வகுப்புக் கணக்கு. தொலைநோக்கி தேவையில்லை.

1. எந்த வானாய்வகம்?

மூன்று விஷயங்களைப் பாருங்கள். தரவைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார்களா? ஒரே வேலையைப் பல வருடங்களாகச் செய்கிறார்களா? கண்டுபிடிப்புகளுக்கு ஒழுங்கான பெயர் வரிசை இருக்கிறதா? பெரிய தொலைநோக்கி என்பது இதில் முக்கியமே இல்லை. உலகின் மிகப் பெரிய கருவிகளில் ஒவ்வொரு குழுவுக்கும் சில இரவுகள்தான் கிடைக்கும். இன்று ஒரு பொருள், நாளை வேறொன்று. புதியவர் தொடர்ந்து வர அதில் பிடி கிடைக்காது.

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பான்-ஸ்டார்ஸ், அரிசோனாப் பல்கலைக்கழகத்தின் கேட்டலினா தேடல், ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆசாஸ்-எஸ்என் ஆகிய மூன்றும் நல்ல தேர்வுகள். இங்கே நான் எடுத்துக்கொள்வது போலந்தின் வார்சா பல்கலைக்கழக வானாய்வகம். 1825-இல் கட்டப்பட்டது. 1944-இல் போரின்போது அதன் கட்டடம் எரிந்து, பிறகு மீண்டும் எழுப்பப்பட்டது. இன்று வார்சா நகரத்து வெளிச்சத்தில் யாரும் பெரிய ஆய்வு செய்வதில்லை. அவர்களுடைய முக்கியத் தொலைநோக்கி இருப்பது சிலி நாட்டின் லாஸ் காம்பனாஸ் மலையில், கார்னகி நிறுவனத்தின் வானாய்வக வளாகத்துக்குள். அங்கே 1992 முதல் நடந்துவரும் திட்டத்துக்குப் பெயர் ஓகிள் (OGLE). முப்பது வருடங்களுக்கு மேலாக ஏறக்குறைய ஒரே வேலை: தனுசு, விருச்சிகம் பக்கம் இருக்கும் பால்வழியின் நடுப்பகுதியையும், நமக்கு அருகில் இருக்கும் சின்ன விண்மீன் மண்டலங்களான இரண்டு மகெல்லன் மேகங்களையும் திரும்பத் திரும்பப் படம் எடுத்து, ஒவ்வொரு விண்மீனின் வெளிச்சமும் மாறுகிறதா என்று அளப்பது.

2. கருவியைப் பற்றி ஒரு சீட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

எந்தச் செய்தி வந்தாலும், அந்தக் கருவியால் இது முடியுமா என்று ஒத்துப்பார்க்க இது உதவும். ஓகிளுக்கான சீட்டில் இவ்வளவு போதும்:

தொலைநோக்கி 1.3 மீட்டர் விட்டம். இன்றைய அளவில் சின்னதுதான். 1992 முதல் 1995 வரை அதே மலையில் இருந்த 1 மீட்டர் ஸ்வோப் தொலைநோக்கியை இரவல் வாங்கி வேலை செய்தார்கள். 1997-இலிருந்து சொந்தத் தொலைநோக்கி. 2010 முதல் 32 சில்லுகள் கொண்ட கேமரா, ஒரே படத்தில் 1.4 சதுர டிகிரி வானம். அதாவது ஏழு முழுநிலவுகளை அருகருகே வைத்தால் எவ்வளவு இடமோ அவ்வளவு. படங்கள் பெரும்பாலும் ஐ பட்டை எனப்படும், சிவப்பைத் தாண்டிய ஒளியில்; இடையிடையே வி பட்டை எனப்படும், பச்சை-மஞ்சள் ஒளியில் சில.

இன்னொரு குறிப்பும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 2020 மார்ச்சில் கொரோனாவால் மூடி, 2022 ஆகஸ்டில்தான் திரும்பத் திறந்தார்கள். எந்த ஓகிள் வரைபடத்திலும் அந்த இரண்டரை வருட வெற்றிடம் தெரியும். அது விண்மீனின் குணம் என்று நினைத்துவிடக் கூடாது.

வருடா வருடம் வரும் இடைவெளியும் உண்டு. அதற்குக் காரணம் நமக்குத் தெரிந்ததுதான். மார்கழி என்றாலே சூரியன் தனுசில் இருக்கும் மாதம். ஓகிள் பார்க்கும் இடமும் தனுசு. ஆகவே ஏறக்குறைய நவம்பரிலிருந்து ஜனவரி வரை பால்வழி நடுப்பகுதிக்கான அளவீடு கிடைக்காது. பிப்ரவரியில் விடியலுக்கு முன் மெல்லத் தொடங்கி அக்டோபர் வரை ஓடும். அந்த இடைப்பட்ட மாதங்களில் மகெல்லன் மேகங்கள் நன்றாகத் தெரியும் என்பதால் தொலைநோக்கி சும்மா இருப்பதில்லை.

3. அவர்கள் எதைத் தேடுகிறார்கள்?

ஓகிள் தொடங்கப்பட்டதே நுண் ஈர்ப்புவில்லை என்ற நிகழ்வுக்காக. தொலைவில் ஒரு விண்மீன். அதற்கும் நமக்கும் நடுவே, ஏறக்குறைய நேர்கோட்டில், வேறொரு பொருள் கடந்து போகிறது. நடுவில் வந்த பொருளின் ஈர்ப்பு, பின்னால் இருக்கும் விண்மீனின் ஒளியை வளைத்துக் குவிக்கும். சில நாட்களோ வாரங்களோ அந்த விண்மீன் பிரகாசமாகி, பிறகு பழைய நிலைக்குத் திரும்பும். நடுவில் வந்த பொருள் ஒளி விடாவிட்டாலும் பரவாயில்லை. கருந்துளை, தனியாக அலையும் கோள் எல்லாம் இதில் மாட்டும்.

இதை ஐன்ஸ்டைன் 1936-இலேயே கணக்குப் போட்டுவிட்டு, இதை யாரும் பார்க்க வாய்ப்பில்லை என்கிற தொனியில் எழுதினார். ஒரு விண்மீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அவர் சொன்னது சரி. லட்சக்கணக்கான விண்மீன்களை ஒரே சமயத்தில் பார்த்தால் கிடைக்கும் என்று 1986-இல் எழுதியவர் பிரின்ஸ்டனில் இருந்த போலந்துக்காரர் போஹ்தான் பச்சின்ஸ்கி. வார்சாவில் ஆன்ஜே உதால்ஸ்கியும் சகாக்களும் அதைச் செய்து காட்டினார்கள். முதல் நிகழ்வு 1993-இல் கிடைத்தது. முழு வேகத்தில் ஓடிய வருடங்களில் ஏறக்குறைய 2000 நிகழ்வுகள் வரை அறிவித்திருக்கிறார்கள்.

4. பெயரைப் பிரித்துப் படியுங்கள்

ஓகிள்-2005-பிஎல்ஜி-390எல்பி என்று பார்த்ததும் பலர் பக்கத்தை மூடிவிடுவார்கள். ஆனால் செய்தியில் பாதி அந்தப் பெயரிலேயே இருக்கிறது. 2005 என்பது நிகழ்வு அறிவிக்கப்பட்ட வருடம். பிஎல்ஜி என்றால் பால்வழியின் நடுப்புடைப்பு. அந்த இடத்தில் எல்எம்சி என்றோ எஸ்எம்சி என்றோ இருந்தால் பெரிய, சிறிய மகெல்லன் மேகங்கள். ஜிடி என்றால் பால்வழியின் வட்டு. 390 அந்த வருட வரிசை எண். கடைசியில் எல் வந்தால் வில்லையாக வந்த பொருள் என்றும், அதற்குப் பின் சிறிய பி வந்தால் அதைச் சுற்றும் முதல் கோள் என்றும் பொருள்.

மாறும் விண்மீன்களுக்கு வேறு வடிவம்: ஓகிள்-எல்எம்சி-செப்-0227 என்றால் பெரிய மகெல்லன் மேகத்தில் இருக்கும் செபீட் வகை (சீராகத் துடித்துப் பிரகாசம் மாறும்) விண்மீன், பட்டியலில் 227-ஆவது. இந்த விண்மீனைச் சற்று நேரத்தில் கையில் எடுக்கப்போகிறோம், பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

5. ஒளி வளைகோட்டைப் படிக்கப் பழகுங்கள்

இதுதான் அடிப்படைத் திறமை. இதற்கு நேரம் கொடுங்கள்.

ஒளி வளைகோட்டில் கிடையச்சு நேரம், செங்குத்தச்சு பொலிவெண். பொலிவெண் குறைந்தால் பிரகாசம் கூடும். அதனால் அச்சு தலைகீழாக, சிறிய எண் மேலே இருக்கும்படி வரையப்படும். 5 பொலிவெண் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு ஒளி. வெறும் கண்ணுக்கு இருண்ட ஊரில் 6 வரை தெரியும். ஓகிள் நிகழ்வுகளில் சாதாரணமாக வரும் 16 என்ற எண், அதைவிடப் பத்தாயிரம் மடங்கு மங்கல். ஆகவே 'நாளை இரவு வானத்தில் பாருங்கள்' என்று யாராவது இந்த நிகழ்வுகளைப் பற்றி எழுதினால் சிரித்துவிட்டு நகரலாம்.

நேரத்தை ஜூலியன் நாள் எண்ணில், அதாவது மாதம் வருடம் இல்லாமல் நாட்களை மட்டும் தொடர்ச்சியாக எண்ணும் கணக்கில், கொடுத்திருப்பார்கள். ஏழு இலக்கம், கூடவே தசமம். பூமி சூரியனைச் சுற்றும்போது ஒளி வந்து சேர்வதில் சில நிமிட ஏற்ற இறக்கம் வரும். அதைச் சரிசெய்து சூரியனிலிருந்து பார்ப்பதுபோல் கணக்கிட்டால் ஹெச்ஜேடி. சாதாரணத் தேதியாக மாற்ற ஒரு குறுக்குவழி: அந்த எண்ணிலிருந்து 2415018.5-ஐக் கழித்து, விரிதாளில் அந்தக் கட்டத்தைத் தேதி வடிவத்துக்கு மாற்றுங்கள். 2453582.73 என்று போட்டால் 38564.23 வரும், அது 2005 ஜூலை 31. இந்திய, இலங்கை நேரத்துக்கு மேலும் 0.229 கூட்டுங்கள். பல கோப்புகளில் இடத்தை மிச்சப்படுத்த 2450000-ஐ முன்கூட்டியே கழித்திருப்பார்கள். எண் ஏழு இலக்கமாக இல்லாமல் நான்கோ ஐந்தோ இலக்கமாக இருந்தால் அதுதான் விஷயம்.

இனி வளைவின் வடிவம். உண்மையான நுண் ஈர்ப்புவில்லை நிகழ்வுக்கு நான்கு அடையாளங்கள் உண்டு. ஏறும் பக்கமும் இறங்கும் பக்கமும் சமச்சீராக இருக்கும். முன்னும் பின்னும் பல வருடம் தட்டையாக இருக்கும். ஒருமுறைதான் நடக்கும். ஐ பட்டையிலும் வி பட்டையிலும் ஒரே அளவுக்குப் பெருகும், ஏனென்றால் ஈர்ப்பு எல்லா நிறத்தையும் ஒரே மாதிரிதான் வளைக்கும். மளமளவென்று ஏறி மெதுவாக இறங்கினால் அது வெடிக்கும் விண்மீனாக இருக்கலாம். நடுப்புடைப்புப் பகுதி விண்மீன் நெரிசல் மிகுந்தது. பக்கத்து விண்மீனின் ஒளியும் சேர்ந்து அளக்கப்பட்டுவிடும். அதனால் நான்காவது அடையாளம் சில சமயம் பிசகும்.

ஓகிளின் முன்னறிவிப்புப் பட்டியலில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் சில எண்கள் இருக்கும். உச்சம் எப்போது, எவ்வளவு காலம், எவ்வளவு நெருங்கிக் கடந்தது, எத்தனை மடங்கு பெருகியது. நெருக்கத்தை வில்லையின் ஐன்ஸ்டைன் ஆரத்தை (சரியாக நேர்கோட்டில் வந்தால் ஒளி வளையமாகத் தெரியும், அந்த வளையத்தின் ஆரம்) அலகாக வைத்துச் சொல்வார்கள். 1 என்றால் ஒளி 1.34 மடங்கு. 0.5 என்றால் ஏறக்குறைய 2.2 மடங்கு. 0.1 என்றால் 10 மடங்கு, அதாவது இரண்டரைப் பொலிவெண் உயர்வு. காலம் என்ற எண்தான் எனக்குப் பிடித்தது. அது நிறையின் வர்க்கமூலத்தோடு கூடும். சாதாரண விண்மீன் வில்லையாக வந்தால் சில வாரங்கள். வியாழன் அளவுப் பொருள் என்றால் ஓரிரு நாள். பூமி அளவு என்றால் சில மணி நேரம். 2020-இல் ஓகிள் குழு அறிவித்த ஓகிள்-2016-பிஎல்ஜி-1928 நிகழ்வின் காலம் 41.5 நிமிடம். செவ்வாய்க்கும் பூமிக்கும் இடைப்பட்ட நிறை கொண்ட, தாய் விண்மீன் இல்லாத கோளாக இருக்கலாம் என்றார்கள். 'இருக்கலாம்' என்பதைக் கவனியுங்கள். 8 வானியல் அலகு தூரத்துக்குள் விண்மீன் எதுவும் இல்லை என்று மட்டும்தான் அவர்களால் சொல்ல முடிந்தது. ஒரு வானியல் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம். நம் சனிக்கோள் 9 அலகுக்கு மேல் தள்ளி இருக்கிறது; அந்த மாதிரித் தூரத்தில் ஒரு தாய் விண்மீன் ஒளிந்திருக்க இடம் இருக்கிறது.

கோள் தெரியும் விதம் வேறு. முக்கிய வளைவின் மேல் ஒரு சின்ன மேடு. முன்பு சொன்ன 390 நிகழ்வில் உச்சம் 2005 ஜூலை 31, பெருக்கம் 3 மடங்கு. எல்லாம் முடிந்து இறங்கிக்கொண்டிருந்தபோது ஆகஸ்ட் 10-ஆம் தேதி ஏறக்குறைய ஒரு நாள் நீடித்த ஒரு குமிழ் வந்தது. பூமியைப் போல் சுமார் 5.5 மடங்கு நிறை கொண்ட கோள் அது. சிலியில் லா சீயா மலையின் டேனிஷ் தொலைநோக்கி, ஆஸ்திரேலியாவில் பெர்த் என்று பல இடங்களில் அளந்ததால்தான் அந்த ஒரு நாள் தவறவில்லை. ஓகிள் அறிவிக்கும், இரவு எங்கே இருக்கிறதோ அங்கிருப்பவர் தொடர்ந்து அளப்பார். வேலைப் பிரிவினை அப்படி. கட்டுரை வெளிவந்தது 2006 ஜனவரி. குமிழுக்கும் செய்திக்கும் நடுவே ஐந்து மாதம், இந்தத் துறையில் இது மிக வேகம்.

6. ஒரு படம் நீங்களே வரையுங்கள்

ஓகிளின் மாறும் விண்மீன் தொகுப்பில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட விண்மீன்கள் இருக்கின்றன. அதில் செப்-0227-ஐத் தேடி ஐ பட்டைக் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். திறந்தால் மூன்று நெடுவரிசை: நேரம், பொலிவெண், பிழையளவு.

விரிதாளில் திறக்கும்போது பிரிப்பானாக வெற்றிடத்தைத் தேர்ந்தெடுத்து, அடுத்தடுத்து வரும் வெற்றிடங்களை ஒன்றாகக் கருதும்படி குறியிடுங்கள். இதை விட்டால் எண்கள் கண்ட நெடுவரிசையில் போய் உட்காரும். வானியல் அட்டவணைகளில் 99.999 என்று இருந்தால் அங்கே அளவீடு இல்லை என்று அர்த்தம். அந்த வரியை நீக்கிவிடுங்கள்.

முதலில் நேரத்துக்கு எதிராகப் பொலிவெண்ணைப் புள்ளிகளாக மட்டும் போடுங்கள், கோடு வேண்டாம். செங்குத்தச்சைத் தலைகீழாக்குங்கள். குப்பையாகத் தெரியும். பரவாயில்லை, அப்படித்தான் தெரிய வேண்டும். சில நாட்களில் ஏறி இறங்கும் விண்மீனை, சில இரவுகளுக்கு ஒருமுறை, பல வருடங்களாக அளந்தால் புள்ளிகள் சிதறித்தான் கிடக்கும்.

இப்போது மடிக்க வேண்டும். தொகுப்பின் பட்டியலில் இந்த விண்மீனின் துடிப்புக் காலம் 3.797 என்று தொடங்கி நீண்ட தசமத்தோடு இருக்கும். நேர நெடுவரிசையை அந்த எண்ணால் வகுத்து, விடையின் முழுப் பகுதியை எறிந்துவிட்டு தசமப் பகுதியை மட்டும் புதிய நெடுவரிசையில் எடுங்கள். இது 0-இலிருந்து 1 வரை ஓடும், கட்டம் என்பார்கள். கட்டத்துக்கு எதிராகப் பொலிவெண்ணைப் போடுங்கள். சிதறிக் கிடந்த புள்ளிகள் ஒரே வளைவில் வந்து அடுக்கி நிற்கும்: வேகமாக ஏறி, நிதானமாக இறங்கும் செபீட் வடிவம்.

தசமங்களைச் சோம்பேறித்தனமாக வெட்டாதீர்கள். எட்டு வருடத் தரவில் இந்த விண்மீன் சுமார் 770 முறை துடித்திருக்கும். காலத்தில் 0.001 நாள் பிசகினால் கடைசியில் அது முக்கால் நாளாகச் சேர்ந்து, வளைவு ஐந்தில் ஒரு பங்கு அகலத்துக்குக் கலங்கிவிடும். வேண்டுமென்றே பிசகான எண்ணைப் போட்டு ஒருமுறை பாருங்கள், நன்றாகப் புரியும்.

வளைவு வந்த பிறகும் சில புள்ளிகள் கீழே விலகி நிற்கும். அளவீட்டுப் பிழை என்று அவற்றை அழித்துவிடாதீர்கள். இந்த விண்மீனைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். செப்-0227 இன்னொரு விண்மீனோடு சேர்ந்து ஏறக்குறைய 310 நாளுக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. ஒன்றை ஒன்று மறைக்கும் நாட்களில் எடுத்த புள்ளிகள்தான் கீழே நிற்கின்றன. 2010-இல் பியெட்ஜின்ஸ்கி தலைமையிலான குழு இந்த மறைப்புகளை வைத்து இந்தச் செபீடின் நிறையை ஒரு சதவீதத் துல்லியத்துக்குக் கணக்கிட்டது: சூரியனைப் போல் 4.14 மடங்கு. அதுவரை விண்மீன் பரிணாமக் கோட்பாடு ஒரு நிறையும் துடிப்புக் கோட்பாடு சுமார் இருபது சதவீதம் குறைவான நிறையும் சொல்லிக்கொண்டிருந்தன. இந்த ஒரு விண்மீன் துடிப்புக் கோட்பாட்டின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே புள்ளிகள் இப்போது உங்கள் விரிதாளில்.

7. செய்தியிலிருந்து கட்டுரைக்கு

செய்தி பார்த்தவுடன் ஆய்வுக்கட்டுரையைத் தேடுங்கள். ஆர்க்கைவ் தளத்தில் வானியல் பகுதியில் ஏறக்குறைய எல்லாமே இலவசமாகக் கிடைக்கும். புதிய கட்டுரைகள் நம் நேரப்படி திங்கள் முதல் வெள்ளி வரை காலை 5.30-க்கோ 6.30-க்கோ வரும், அமெரிக்கர்கள் கடிகாரத்தை மாற்றுவதால் அந்த ஒரு மணி நேர வித்தியாசம். அங்கே இருப்பதெல்லாம் சக ஆய்வாளர்கள் சரிபார்த்தது என்று எண்ண வேண்டாம். இதழில் ஏற்கப்பட்டதா, அனுப்பப்பட்டது மட்டும்தானா என்று குறிப்பு வரியில் பெரும்பாலும் இருக்கும், பாருங்கள்.

படிக்கும் வரிசை: சுருக்கம், பிறகு படங்கள், பிறகு கடைசிப் பகுதி. நடுவில் இருக்கும் சமன்பாடுகளை முதல் தடவை தாண்டிவிடலாம். படத்தின் கீழ்க்குறிப்பைத் தாண்டக் கூடாது.

இன்னொரு இதழையும் பழகிக்கொள்ளுங்கள்: ஆக்டா அஸ்ட்ரோனோமிக்கா. 1925-இல் போலந்தில் தொடங்கியது, இலவசம். ஓகிளின் பெரிய பட்டியல்கள், பெரும்பாலும் ஈகோர் சொஷின்ஸ்கி முதலாசிரியராக, இதில்தான் வருகின்றன. இவை எந்தச் செய்தித்தாளிலும் வராது. என் கணிப்பில் ஓகிளின் மிக முக்கியமான வேலை இந்தப் பட்டியல்கள்தான். 2019-இல் பால்வழி வட்டு தட்டையாக இல்லாமல் நெளிந்திருக்கிறது என்ற முப்பரிமாண வரைபடம் உலகம் முழுக்கச் செய்தியானது. அதற்கு அடியில் இருந்தது பொறுமையாகச் சேர்த்த 2400-க்கும் மேற்பட்ட செபீட்கள்.

பழைய தரவின் மதிப்புக்கு இன்னொரு கதை. 2008-இல் விருச்சிகத்தில் வி1309 என்ற விண்மீன் திடீரென்று வெடித்தது. எல்லோரும் அப்போதுதான் அதைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஓகிளின் காப்பகத்திலோ 2001 முதல் அதன் அளவீடுகள் கிடந்தன. எடுத்துப் பார்த்தால் அது ஒட்டிக்கொண்டு சுற்றும் இரட்டை விண்மீன். சுற்றுக்காலம் சுமார் 1.4 நாள், வருடா வருடம் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று கலந்ததுதான் வெடிப்பு என்பது 2011-இல் வெளியான கட்டுரையில் தெளிவானது.

8. எங்கே சந்தேகப்பட வேண்டும்

2011-இல் ஜப்பான்-நியூசிலாந்து கூட்டுத் திட்டமான மோவா, 474 நிகழ்வுகளை வைத்து, பால்வழியில் விண்மீன்களைவிடத் தனியாக அலையும் வியாழன் அளவுக் கோள்கள் அதிகம், ஒரு விண்மீனுக்கு ஏறக்குறைய இரண்டு என்றது. பெரிய தலைப்புச் செய்தி. 2017-இல் ஓகிள் குழு 2600-க்கு மேற்பட்ட நிகழ்வுகளை வைத்துப் பார்த்தபோது, அதிகபட்சம் நான்கு விண்மீனுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. முன்னவர்கள் ஏமாற்றவில்லை, கையில் இருந்த குறுகிய நிகழ்வுகள் மிகச் சில. எண்ணிக்கை எத்தனை என்று முதலில் கேட்கும் பழக்கம் இருந்தால் 2011-லேயே கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

இன்னும் சுவாரசியமானது ஓகிள்-2011-பிஎல்ஜி-0462. 270 நாள் அளவுக்கு நீண்ட நிகழ்வு, ஆகவே கனமான வில்லை. ஹபிள் தொலைநோக்கி ஆறு வருடம் அதைத் தொடர்ந்தது. 2022-இல் இரண்டு குழுக்கள் முடிவு சொன்னன. கைலாஷ் சாஹு தலைமையிலான குழு: சூரியனைப் போல் சுமார் 7 மடங்கு, தனியாக அலையும் கருந்துளை. கேசி லாம் தலைமையிலான பெர்க்லி குழு: 1.6 முதல் 4.4 மடங்கு, நியூட்ரான் விண்மீனாகவும் (வெடித்த பெரிய விண்மீனின் மிக அடர்த்தியான மிச்சம்) இருக்கலாம். ஒரே பொருள், ஏறக்குறைய ஒரே தரவு. அதே வருடம் ம்ரூஸ், உதால்ஸ்கி, கூல்ட் மூவரும் ஓகிளின் பழைய படங்களைத் திரும்ப அளந்து, முந்தைய பொலிவு அளவீட்டிலேயே சிறு முறைப்பிழை இருந்ததைக் காட்டினார்கள். சரிசெய்த பிறகு சுமார் 7.9 மடங்கு, கருந்துளைதான். இந்த மூன்று கட்டுரைகளின் சுருக்கங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துப் பாருங்கள். வானாய்வகத்தின் ஆய்வு எப்படி நடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஒன்றும் கிடைக்கவில்லை என்பதும் செய்தியாகலாம். 2024-இல் ஓகிள் வெளியிட்ட ஆய்வில், பெரிய மகெல்லன் மேகத்தின் ஏறக்குறைய 8 கோடி விண்மீன்களை இருபது வருடம் பார்த்ததில் கிடைத்தவை 13 நிகழ்வுகள். கரும்பொருள் (ஈர்ப்பால் மட்டும் தெரியவரும், ஒளி விடாத பொருள்) முழுக்கச் சூரியனைப் போல் 10 மடங்கு நிறையுள்ள கருந்துளைகளாக இருந்தால் 258 கிடைத்திருக்க வேண்டும். கிடைத்த 13-ஐயும் சாதாரண விண்மீன்களாலேயே விளக்க முடிந்தது. கரும்பொருள் இப்படிப்பட்ட பொருள்களால் ஆனதா என்று பச்சின்ஸ்கி 1986-இல் எழுப்பிய கேள்விக்கான பதில் இது. அவர் 2007-இல் காலமாகிவிட்டார்.

9. வாராந்தர வழக்கம்

தினமும் பார்க்க ஒன்றும் இருக்காது. வாரம் ஒருநாள் போதும். பிப்ரவரி முதல் அக்டோபர் வரை முன்னறிவிப்புப் பட்டியலைத் திறந்து, உச்சம் இன்னும் வராத, பெருக்கம் அதிகம் என்று கணித்திருக்கும் நிகழ்வு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கணித்த உச்ச நாளைக் குறித்துவைத்து, அடுத்த வாரம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று ஒப்பிடுங்கள். புள்ளிகள் கூடக்கூடக் கணிப்பு நகர்வதைப் பார்ப்பதில்தான் சுவை. சிலியில் இரவு என்பது நமக்குக் காலை ஐந்தரை, ஆறு மணியிலிருந்து பிற்பகல் வரை. ஆகவே மாலையில் பார்ப்பது நல்லது. மேகம் மூடிய இரவுகள் அங்கேயும் உண்டு.

அந்தப் பட்டியலில் இருக்கும் அளவீடுகள் தற்காலிகமானவை, பின்னால் திருத்தப்படும். அதை வைத்து எதையும் எழுதுவதானால் அதைச் சொல்லிவிடுங்கள். ஓகிள் தரவு என்று குறிப்பிட்டு உரிய கட்டுரையைக் காட்டுங்கள். வளைவில் விநோதமாக ஏதாவது கண்ணில் பட்டு ஆய்வாளர்களுக்கு மின்னஞ்சல் எழுதத் தோன்றினால், விண்மீனின் முழுப் பெயர், ஹெச்ஜேடி, நீங்கள் வரைந்த படம் மூன்றையும் இணையுங்கள். அதற்கு முன், அந்த விநோதம் வருடாந்தர இடைவெளியோ நிலவொளி நாட்களோ இல்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓகிள் கைவந்த பிறகு ஆசாஸ்-எஸ்என்னுக்குப் போகலாம். அங்கே வானத்தில் எந்த இடத்தின் ஆயத்தொலைவைக் கொடுத்தாலும் ஒளி வளைகோடு கணக்கிட்டுக் கொடுப்பார்கள். திருவாதிரை மாதிரிப் பிரகாசமான விண்மீனைக் கேட்காதீர்கள், கேமராவின் கொள்ளளவைத் தாண்டி எண்கள் உளறும். 11-க்கும் 16-க்கும் இடைப்பட்ட பொலிவெண் கொண்ட ஏதாவது ஒரு மாறும் விண்மீனில் தொடங்குங்கள்.